மூன்று காட்சி, மூன்று கருத்து, ஒரே ஆள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு தியேட்டர் வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் இரண்டாம் பாகம் அன்றுதான் வெளியாகியிருந்தது. முதல் பாகம் சக்கைப்போடு போட்ட படம். அதனால் வாசலில் மேளம், வெடி, கட்அவுட்டுக்கு ஆளுயர மாலை என்று ஒரே அமளி.

நான் யாருக்கும் ரசிகன் இல்லை. எனக்குத் திருநகரில் செல்போன் ரிப்பேர் கடை. நானும் என் நண்பன் ஒருவனும் சேர்ந்து இணையத்தில் ஒரு சின்ன சேனல் நடத்தி வந்தோம். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களை மடக்கிக் கருத்துக் கேட்டுப் போடுவதுதான் எங்கள் வேலை. நண்பன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வாய்க்காரன், அதனால் மைக் அவன் கையில். செல்போனும் எடிட்டிங்கும் என் பொறுப்பு.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சரியான சந்தேகப் பிராணி. பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகும் குனிந்து குழாயைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் யாராவது என்னை விழுந்து விழுந்து கவனித்தால், இவருக்கு நம்மிடம் என்ன வேலை ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் யோசிப்பேன். எனக்குப் போலீஸ் வேலை கிடைக்காமல் போனது ஊருக்கே நல்லது என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

இந்தக் கருத்துக் கேட்கும் தொழிலில் சந்தேகப்படவும் நிறைய இருந்தது. படக்காரர்களே ஆள் வைத்து 'படம் தாறுமாறு' என்று சொல்லவைப்பார்கள், போட்டி நடிகரின் ஆட்கள் படத்தைப் பார்க்காமலே வந்து 'மொக்கை' என்பார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தோம். அப்படி ஒருத்தரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

எங்கள் வேலைமுறையையும் சொன்னால்தான் நடந்தது புரியும். செல்போனைப் படுக்கவைத்து அகலமாக எடுப்போம். பிறகு அதன் நடுப்பகுதியை மட்டும் நீளவாக்கில் வெட்டிச் சின்ன வீடியோவாகப் போடுவோம். தியேட்டர் வாசலில் ஒருவர் பேசினால் போதும், பக்கத்தில் நாலு பேர் வந்து நின்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள், விரலைக் காட்டுவார்கள். அவர்களை வெட்டித் தள்ளிவிட்டு, பேசுகிறவர் முகத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பேச ஆரம்பிக்கும்போது இழுக்கிற நாலைந்து விநாடியையும் வெட்டிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குப் பழகியிருந்தது.

அன்று காலைக் காட்சி முடிந்து வந்தவர்களில் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டம் போட்ட சட்டை, பையில் பேனா. ஏதோ ஆபீஸிலிருந்து நேராக வந்தவர் மாதிரி இருந்தார். நண்பன் மைக்கை நீட்டியதும், படம் ரொம்பப் பிடித்திருக்கிறது, சண்டைகள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கின்றன, பாலம் இடிகிற ஒரு காட்சியே போதும் என்றார். நிதானமாக, ஆனால் விட்டு விட்டுப் பேசினார்.

அதே நாள் மதியக் காட்சி முடிந்ததும் இன்னொருவர் பேசினார். படம் பிடிக்கவில்லை, முதல் பாகத்தில் ஹீரோவுக்குக் கண்ணை மட்டும்தான் மறைத்திருந்தார்கள், இதில் முகம் முழுக்க இரும்பை மாட்டிவிட்டார்கள், பாதிப் படம் புரியவே இல்லை என்றார். முகமூடி போட்டால் படம் ஏன் புரியாமல் போகும் என்று நானும் நண்பனும் சிரித்தோம். கூட்டமும் வெயிலும் மண்டையைப் பிளந்த நேரம் அது. இன்னொருவர் என்றா சொன்னேன்? அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை மதியம் அவர் மூன்றாவது தடவையாக எங்கள் மைக் முன்னால் வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேறு சட்டை, அதே பேனா, அதே ஆள். இந்த முறை, படம் பரவாயில்லை, பாட்டுக்கு ஆடுகிற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் பாகம் அளவுக்கு இல்லை என்றார். ஒரே படம், ஒரே ஆள், மூன்று காட்சி, மூன்று கருத்து. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

நண்பனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே போனேன். ரோட்டைத் தாண்டி ஒரு ஜூஸ் கடை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தை டிக்கெட்டை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். நான் ஒரு வேனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் கூடி நின்றும் அங்கே ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. நம்ம ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். இவ்வளவு கமுக்கமாக நிற்கிறார்கள் என்றால் இது பெரிய வலைப்பின்னல்தான் என்று முடிவுகட்டினேன். கையை ஆட்டினார்களா, விரலை மடக்கினார்களா என்பதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. என் கண் அந்த டிக்கெட் கத்தையை விட்டு நகரவில்லை.

அன்றைக்கே வீடியோவைத் தயார் செய்தேன். மூன்று துண்டுகளையும் வரிசையாக ஒட்டி, 'கருத்து வியாபாரி சிக்கினார்' என்று தலைப்பு வைத்தேன். எடிட் செய்யும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்க்கிறார், பிறகுதான் பேசுகிறார். யாரோ எழுதிக் காட்டுவதைப் படிக்கிறார் என்று முடிவுசெய்து, அவர் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். நண்பனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே மாப்ள என்றான். கேட்டால் உஷாராகிவிடுவார் என்று அவன் வாயை அடைத்தேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. அதுவரை எங்கள் சேனலை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அந்த மனிதரின் முகத்தை வைத்துக் கேலிப் படம் போட்டார்கள். 'மூஞ்சியப் பாத்தாலே தெரியுது', 'இம்புட்டுக்கும் எம்புட்டு வாங்குன?' என்று கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயம் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதன்கிழமை மதியம் அவரே என் கடைக்கு வந்துவிட்டார். கூட ஒரு இளைஞர், வாட்டசாட்டமான ஆள், கையெல்லாம் கிரீஸ் கறை. அடிக்கத்தான் ஆள் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்து, சும்மா இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டேன், நடந்தால் நாலு பேர் பார்க்கட்டும் என்று.

அவர் சத்தம் போடவில்லை. கல்லாவுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அன்றைக்கு எடுத்த வீடியோவை முழுசாக வைத்திருக்கிறேனா, அழித்துவிட்டேனா என்று கேட்டார். ஆதாரத்தை வாங்கி அழிக்கத்தான் கேட்கிறார் என்று பட்டது. அழித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் நின்ற இளைஞரைப் பார்த்து விரல்களை இப்படியும் அப்படியும் அசைத்தார். இளைஞர் பதிலுக்குக் கைகளால் வேகமாக என்னவோ சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சத்தம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இளைஞரை எனக்குத் தெரியும். மதியக் காட்சி வீடியோவில் பக்கத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தவர். நான் வெட்டித் தள்ளியவர்.

வீடியோ இருக்கிறது, பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். வெட்டாத வீடியோவை ஓட்டிப் பார்த்தால், மூன்றிலும் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கைகளால் பேசிக்கொண்டிருக்கிறார். காலையில் ஒரு வயதானவர், மதியம் இந்த இளைஞர், மறுநாள் ஒரு பெண்மணி. இவர் அந்தக் கைகளைப் பார்க்கிறார், பிறகு வாயால் சொல்கிறார். நான் சிவப்பு வட்டம் போட்ட பார்வை அதுதான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலைத் துண்டின் ஆரம்பத்தைக் கேட்டேன். மேளச் சத்தத்துக்கு அடியில், மைக் வாய்க்கு வருவதற்கு முன்பே, 'இவருக்குக் காது கேக்காதுங்க, இவர் சொல்றதத்தான் நான் சொல்றேன்' என்று அவர் சொல்லியிருக்கிறார். இழுக்கிற விநாடிகள் என்று நான் வெட்டி எறிந்ததில் அது போய்விட்டது.

அப்படியானால் 'எனக்குப் பிடிக்கல' என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் என் குரலில் ஒரு குறுக்கு விசாரணை இருந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்:

"டாக்டர்ட்டப் போயி 'இவருக்கு வயிறு வலிக்குதாம்'னு சொன்னா, டாக்டர் என்னையப் பாத்துத்தாண்ணே பேசுறாரு. 'எனக்கு வயிறு வலிக்குது'ன்னு சொன்னாத்தான் திரும்பி அவரப் பாக்குறாரு. வாயி மட்டும்தான் என்னுது. பேச்சு அவங்களது."

அவருடைய அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காதாம். அதனால் பேச்சு வருவதற்கு முன்பே அவருக்குச் சைகை மொழி வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறார். மதுரையில் காது கேளாதவர்களுக்கு ஆஸ்பத்திரியோ, ஸ்டேஷனோ, பத்திரம் பதிகிற இடமோ, எங்கே போக வேண்டியிருந்தாலும் அவர்தான் கூடப் போவார். முதல் பாகத்தை அவர்கள் எல்லோரும் ரசித்துப் பார்த்தவர்கள், இரண்டாம் பாகத்துக்கும் ஆசைப்பட்டார்கள். ஒரே காட்சிக்கு எல்லோருக்கும் லீவு கிடைக்காததால் மூன்றாகப் பிரித்து அழைத்துப் போயிருக்கிறார். முன்வரிசையில் திரையைப் பாதியும் இவர்களைப் பாதியும் பார்த்து உட்கார்ந்து, வசனத்தை முடிந்த மட்டும் கையால் சொல்லியிருக்கிறார், இருட்டான காட்சிகளில் மட்டும் அவர் கை யாருக்கும் தெரியவில்லையாம். ஒரே படத்தை அவர் மூன்று தடவை பார்த்ததற்குக் காரணம் இவ்வளவுதான். ஜூஸ் கடை ஓரத்தில் அவர் கொடுத்தது, பார்த்த படத்தின் ஞாபகமாக வைத்துக்கொள்ள அவர்கள் கேட்ட பாதி கிழிந்த டிக்கெட்டுகளாம்.

வீடியோவை அப்போதே எடுத்துவிடுகிறேன், மன்னிப்புக் கேட்டு வேறு போடுகிறேன் என்றேன். அதெல்லாம் உங்கள் இஷ்டம், ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் ஒரே ஒருவர் மட்டும் முழு வீடியோவைப் பார்த்தாக வேண்டும் என்றார்.

அந்த இளைஞருக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர் அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். பெண்ணுக்கும் காது கேட்காது. செக்கானூரணிப் பக்கம், ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கிற வேலை. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசியபோது மாப்பிள்ளை கையால் சொன்னதையெல்லாம் வாயால் சொன்னவர் இவர்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போகலாம், அவனியாபுரத்தில் தனி வீடு பார்த்தாயிற்று, பெண்ணைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பேச்சு முடிந்து, தாம்பூலமும் மாற்றியாயிற்று. இந்த நேரத்தில் பெண்ணின் அப்பா என் வீடியோவைப் பார்த்துவிட்டார். காசு கொடுத்தால் எதையும் சொல்கிற ஆளை நம்பியா பெண்ணைக் கொடுக்கப் போனோம், மாப்பிள்ளை நிஜமாகவே என்ன சொன்னானோ என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார். இவரைத் தன் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

நான் ஸ்டூலில் இருந்தவரைப் பார்க்க முடியாமல் அந்த இளைஞரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செக்கானூரணிக்குப் போனேன். கூட வந்த அந்த மனிதரும் இளைஞரும் பஸ் ஸ்டாப் டீக்கடையோடு நின்றுகொண்டார்கள், நான் மட்டும் போனேன். முன்னால் உரக்கடை, பின்னால் வீடு. பெண்ணின் அப்பா வெள்ளை மீசைக்காரர், விவசாயக் குடும்பம். நான் யாரென்று சொன்னதும், வீடியோ போட்டது நீங்கள்தானா என்று சேர் எடுத்துப் போட்டு மரியாதை செய்தார். அந்த மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் தப்புச் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்ததுமே அவர் கண் சுருங்கிவிட்டது.

முழு வீடியோவையும் போட்டுக் காட்டினேன். மீசையைத் தடவிக்கொண்டே பார்த்தார். பிறகு, நேற்று ஒன்று சொன்னவர் இன்று மாற்றிச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போன வாரம் நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். நான் சத்தியம் செய்யப் போனபோது கையமர்த்தினார்.

"கைய ஆட்டுறது தெரியுது தம்பி. அந்தக் கைக்கு இதுதான் அர்த்தம்னு யாரு சொல்றது? அதையும் அந்தாளுதானே சொல்லணும்?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மனிதர் நேர்மையானவரா என்பதற்கு அந்த மனிதரையே சாட்சி வைக்க முடியாது. எழுந்து வந்துவிடலாமா என்று கூட நினைத்தேன். அந்த நேரம் பெண் உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கண் லேப்டாப்பில் நின்றுபோயிருந்த மாப்பிள்ளையின் படத்தில் ஒரு கணம் நின்றது. அழுது ஓய்ந்த முகம். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது.

உங்கள் பெண்ணுக்கு இந்தக் கைகள் புரியும், அவரை எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவளுக்குத்தான் இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமாயிற்றே, அவள் சாதகமாகத்தானே எழுதுவாள் என்று அதற்கும் ஒரு கேள்வி போட்டார். அதற்குத்தான் என் மூளையும் பழகியிருந்ததே. மாப்பிள்ளை மூன்று நிமிடம் போலப் பேசியிருந்தார், நான் வெளியே விட்டது பத்து விநாடி. மீதியை யாரும் பார்த்ததில்லை. அதை அந்த மனிதர் வாயால் எப்படிச் சொன்னார் என்பது உங்கள் பெண்ணுக்குக் கேட்காது. கையைப் பார்த்து இவர் எழுதட்டும், பிறகு நாம் ஒலியைக் கேட்போம், இரண்டும் ஒன்றாக இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். நாம் இரண்டு பேரும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சம்மதித்தார். ஆனால் அவரே வந்து, பேசுகிறவரின் வாயசைவு தெரியாமல் திரையின் அந்தப் பக்கத்தை ஒரு உரக்கடை ரசீதுப் புத்தகத்தால் மறைத்தார். அப்புறம் பழக்கத்தில், சத்தத்தைக் குறைத்து வையுங்கள் தம்பி, அவளுக்குக் கேட்டுவிடப் போகிறது என்றார். கதவோரம் நின்ற அவர் மனைவி, அவளுக்கு என்றைக்குக் கேட்டது என்று மெதுவாகச் சொன்னார். அவர் ரசீதுப் புத்தகத்தை இன்னொரு தடவை சரிசெய்து வைத்தார்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பெண் உட்கார்ந்து பார்த்தார், நிறுத்தச் சொன்னார், எழுதினார், மறுபடி ஓட்டச் சொன்னார். நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று சிரித்து, வாயைக் கையால் மூடிக்கொண்டார். அவர் அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கடைசி வரிகளை எழுதும்போது அந்தச் சிரிப்பு இல்லை. எழுதி முடித்துத் தாளை அப்பாவிடம் நீட்டாமல் மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

இப்போது சத்தத்தை முழுக்க வைத்து ஓட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் விரலை வைத்து வரி வரியாகத் தொடர்ந்தார். வாக்கியங்கள் கட்டை கட்டையாக இருந்தன, ஆனால் விஷயம் அச்சு அசலாக ஒன்றுதான். முதல் பாகத்தில் ஹீரோவின் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துவிடும், இதில் இரும்பு முகமூடிக்குள்ளிருந்து பேசுவதால் அவர் பேசுகிறார் என்பதே தெரியவில்லை, எல்லோரும் சிரித்த பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு நானும் சிரிக்கிறேன். அதுவரை சரி. பிறகு அவர் விரல் நின்றுவிட்டது. வீடியோவை நிறுத்தச் சொன்னார். தாளில் இருக்கிற ஒரு வரி வீடியோவில் இல்லை.

"இந்தா, மாட்டிக்கிட்டாரா? இத அந்தாளு சொல்லவே இல்லையே."

தாளை வாங்கிப் பார்த்தேன். 'அண்ணே, இதை மைக்கில் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை அவளோடு வந்து பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. பெண் சிரித்த இடம். சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதை இவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் விளக்கவே தேவைப்படவில்லை. அம்மா சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மீசைக்கு அடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மீதியை ஓட்டச் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது.

மீதி கொஞ்சம்தான். படத்தில் ஹீரோவின் அப்பா சாகப்போகிற நேரத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஹீரோவிடம் நீளமாக ஏதோ பேசுகிறார். தியேட்டரே அழுதது. அதைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதைத்தான் கடைசியில் பெண் எழுதியிருந்தார். அதையே அந்த மனிதரின் குரல் லேப்டாப்பில் சொன்னது:

"அப்பா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியல. ஆனா அது எனக்குப் புதுசு இல்ல. வீட்டுலயும் எல்லாரும் முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுறாங்க."

அப்பாவின் விரல் தாளின் கடைசி வரியிலேயே நின்றது. வீடியோ ஓடி முடிந்து மேளச் சத்தத்தோடு நின்றது. நான் வந்ததிலிருந்து அவர் தன் பெண்ணைப் பற்றி எத்தனையோ பேசியிருந்தார், கல்யாணம், அவள் இஷ்டம், அவள் எதிர்காலம் என்று. எல்லாமே என்னைப் பார்த்து, இல்லையென்றால் வாசலைப் பார்த்து. பெண் அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைத் தரையில் கிரீச்சென்று இழுத்து முழுக்கத் திருப்பிப் போட்டுப் பெண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். மீசையை இரண்டு பக்கமும் விரலால் ஒதுக்கி உதடு தெரியும்படி வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"நீ என்னத்தா சொல்ற?"

கல்யாணப் பேச்சு ஆரம்பித்து நாலு மாதத்தில் அந்தக் கேள்வியை அவர் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவர் மனைவி என்னிடம் சொன்னார். பெண் பதில் சொல்வதற்கு முன்பே அழுதுவிட்டார். அப்புறம் தலையை ஆட்டினார், ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. மாப்பிள்ளையும் அந்த மனிதரும் பஸ் ஸ்டாப்பில் நிற்பதை நான் சொன்னதும், அப்பா எழுந்து கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு நடந்தார்.

நான் மன்னிப்பு வீடியோ போட்டேன். முழுத் துண்டுகளையும் வெட்டாமல், கைகள் தெரிய, எழுத்தோடு போட்டேன். பழைய வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர் கூட அதைப் பார்க்கவில்லை. சிலர் எனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதினார்கள். அந்த மனிதரை இன்றைக்கும் ரோட்டில் யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று எனக்கு உறுத்தும். அவரிடமே ஒரு தடவை அதைக் கேட்டேன். சிரிக்கத்தான் செய்கிறார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அழகர்கோவில் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவனியாபுரத்தில் அந்தக் கல்யாணத்துக்கு நானும் நண்பனும் போயிருந்தோம். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியாமல், சுற்றிப் பார்த்துவிட்டு நானும் சிரித்தேன். சந்தேகப்படுகிற புத்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் ஒருத்தரைப் பொய்யன் என்று முடிவுகட்டும் முன்பு, நான் வெட்டிப் போட்ட பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் போய்ப் பார்க்காமல் இப்போதெல்லாம் என்னால் தூங்க முடிவதில்லை.